ஆடியில் எடுத்த தீபாவளிச் சேலை

இனி எந்தத் துணிக்கடை ஸ்டூலிலும் உட்காருவதில்லை என்று நாச்சிமுத்து சபதம் எடுத்தது ஆடி மாதம் ஆறாம் தேதி.

சும்மா எடுக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மனைவி சாரதாமணியோடு சேலம் போவார். எடுப்பது அவள், உட்காருவது அவர். போன வருஷம் ஆறு மணி நேரம். அசையாமல் இருந்தவரின் தோளில் கடைக்காரர் ஒரு சேலையைப் போட்டுக் காட்ட, வாங்க வந்த அம்மா, "இந்தப் பொம்மைக்கு மூச்சு வருதுங்களே" என்று பயந்துவிட்டார்.

இந்த வருஷம் கடைகளே வழி காட்டின. ஐப்பசியில் இறங்கிக்கொண்டிருந்த தீபாவளிச் சரக்கு புரட்டாசிக்கு வந்து, ஆவணிக்கு வந்து, இப்போது ஆடியிலேயே தோரணம் கட்டிவிட்டது. இப்படியே போனால் இந்தத் தீபாவளிச் சேலையைப் போன தீபாவளிக்கே விற்றுவிடுவார்கள். அவர்கள் ஊரான புதுச்சத்திரமே திட்டியது. நாச்சிமுத்து மட்டும் யோசித்தார். இப்பவே தனியாகப் போய் ஒன்றை எடுத்து ஒளித்து வைத்துவிட்டால், ஐப்பசியில் யார் கூப்பிட முடியும்?

அவர் லாரிக்கு பாடி கட்டும் மேஸ்திரி. பொய்யும் தொழிலிலிருந்தே வந்தது.

"சாரதா, ஆணி வாங்கச் சேலம் போய்ட்டு வாரேன்."

"ஏனுங்க, நாமக்கல்லுல ஆணியே இல்லீங்களா?"

"இது வேற ஆணி."

"செரிங்க. பாத்துப் போய்ட்டு வாங்க."

கடையில் ஏழே நிமிஷம். மேலே இருந்த பெட்டியைக் காட்டினார்.

"பிரிச்சுப் பாக்கலீங்களாண்ணா?"

"பிரிச்சாத்தான வம்பு."

பில் போடும் பெண், "பாயிண்ட் ஏத்தோணும், போன் நம்பர் சொல்லுங்க" என்றாள். அவருக்கு மனப்பாடமான நம்பர் ஒன்றுதான். சிலிண்டர், ரேஷன், கேபிள் எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகிய சாரதாமணியின் நம்பர். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கடகடவென்று ஒப்பித்தார்.

பெட்டி பரணேறியது, பழைய தார்ப்பாய்க்குள். ஆவணி போனது. புரட்டாசி போனது. சாரதாமணி சேலைப் பேச்சே எடுக்கவில்லை. நாச்சிமுத்துவின் குறட்டை நெடுஞ்சாலை லாரிகளோடு போட்டி போட்டது.

ஐப்பசி பிறந்ததும் பெட்டியை இறக்கி அவள் மடியில் வைத்தார். அப்போதுதான் உறைத்தது. பிடிக்கவில்லை என்றால் மாற்றப் போக வேண்டும். மறுபடி ஸ்டூல்.

அவள் பிரித்தாள். இப்படித் திருப்பினாள். அப்படித் திருப்பினாள்.

"என்ன புள்ள, புடிச்சிருக்குதா?"

"என்ற மனசுல இருந்த கலரேதானுங்க. மாத்தவே வேண்டீதில்ல."

அதுவரை அடக்கி வைத்த மூச்சை நாச்சிமுத்து விட்டார். பக்கத்து வீட்டுச் சௌந்திரம் வந்து எட்டிப் பார்த்ததும் நெஞ்சு இன்னும் நிமிர்ந்தது.

"பாத்தியா சௌந்திரம், ஏழு நிமிஷத்துல எடுத்தது. கண்ணு வேணும் அதுக்கு."

"நீங்க எடுத்தது கிளிப்பச்சையில்லீங்களாண்ணா?"

நாச்சிமுத்து அப்போதுதான் முதல் தடவையாகச் சேலையைப் பார்த்தார். அரக்குச் சிவப்பு.

சாரதாமணி மடிப்பை நீவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க பில்லுப் போட்ட நிமிஷமே எனக்கு மெசேஜ் வந்துருச்சுங்க, சேலை வாங்குனதுக்கு நன்றின்னு. அடுத்த வாரமே நானும் இவளும் போய் மாத்திட்டு வந்து, அதே தார்ப்பாய்க்குள்ளயே வெச்சுட்டோம்."

வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"அன்னிக்கு எத்தன மணி நேரமாச்சு?"

"ஏழு."

"ஸ்டூல்ல ஆரு?"

"எங்கூட்டுக்காரருங்க" என்றாள் சௌந்திரம்.

ஏழு மணி நேரம். சௌந்திரத்தின் புருஷன் செங்கோடன். தான் இல்லை. ஆடிக் கடைசி வரை செங்கோடன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது இதனால்தானா? நாச்சிமுத்துவுக்கு இளநீர் குடித்த மாதிரி உள்ளே குளுகுளுவென்று இறங்கியது. சேலை மாறினால் என்ன, சபதம் மாறவில்லையே.

"பாவம் செங்கோடன்" என்றார், முகமெல்லாம் பல்லாக.

"அவரும் பாவமில்லீங்களா. அதனால மொறை வெச்சுக்கிட்டோம்" என்றாள் சாரதாமணி. "பொங்கல் சரக்கு நேத்தே எறங்கிருச்சாமுங்க. நாளைக்கு எங்க ரெண்டு பேர்த்துக்கும் நீங்கதான் வாறீங்க."