ஒத்தப்படம் கொடுத்த மனு

அந்த இங்கிலீஷ் உளவாளிப் படங்களை உலகத்தில் கோடிப் பேர் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த உளவாளிக்கு நியாயம் கேட்டு ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் மனுக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஒத்தப்படம். மனுவை எழுதியவன் நான் என்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

பீர்மேட்டுக்கு மேலே, ஜீப் இரண்டு இடத்தில் பின்வாங்கி ஏறவேண்டிய தோட்டம் எங்களுடையது. அப்பா மருந்தடிப்பு, அம்மா கொழுந்தெடுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே போன முதல் ஆள் நான். பத்தாவது தேறி வந்த சூட்டோடு என்னை ஆபீசில் செக்ரோல் எழுத உட்கார்த்திவிட்டார்கள். செக்ரோல் என்றால் ஆள் பதிவுப் புத்தகம். ஸ்திரமான வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு நம்பர் உண்டு. காலையில் பிரட்டுக்களத்தில் எல்லாரும் கூடி நிற்கும்போது பெயரையா கூப்பிடுவார்கள்? நம்பரைத்தான். வயதானால் ஆள் பிரிந்து போவார், நம்பர் போகாது. அது மகனுக்கோ மருமகளுக்கோ வரும். என் அப்பாவின் நம்பரே அவருடைய அப்பா விட்டுப்போனதுதான்.

நம்பர் இல்லாத தற்காலிக ஆட்களுக்குத் தால்க்காலிகம் என்று பெயர். ஒத்தப்படம் பதினோரு வருடத் தால்க்காலிகம். எல்லா நம்பரையும் கூப்பிட்டு முடித்த பிறகு சாமுவேல் கங்காணி கையை வீசி, "பின்னால நிக்கவன்லாம் மேல்காட்டுக்குப் போங்கல" என்பார். அந்தப் பின்னால் நிற்பவர்களில் எல்லாருக்கும் மேலாக, சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்த ஒரு கொங்காணி தெரியும். அது அவர் தலை. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் கொங்காணி இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குக் கீழ் பஜார் கொட்டகைக்கு நடந்து போவோம். உளவாளிப் படங்கள் ஊரெல்லாம் ஓடித் தேய்ந்த பிறகு அங்கே மூச்சு வாங்க வரும். படம் முழுக்க இங்கிலீஷ். படித்தவன் என்று என்னை நடுவில் உட்கார்த்திவைப்பார்கள்.

"தம்பி, என்ன சொல்லுதான்?"

"கோவமா இருக்கான்."

"அது தெரியுது. வாயால என்ன சொல்லுதான்?"

"கோவமா இருக்கேன்னு சொல்லுதான்."

என் இங்கிலீஷ் அந்த அளவுக்குத்தான். ஆனாலும் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

வம்பு வந்தது ஒரு முகத்தால். நாலைந்து படமாக ஒரே ஆளைப் பார்த்துக் கைதட்டிப் பழகிய கொட்டகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உளவாளிக்கு அதே நம்பர், அதே துப்பாக்கி, அதே பாட்டு. ஆனால் முகம் வேறு. விசில் பாதியில் நின்றது.

"ஏல, ஆளை மாத்திட்டானுவல! இது கள்ளப் படம்!" என்று சாமுவேல் கங்காணி எழுந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு எழுந்தது.

அப்போதுதான் கடைசி பெஞ்சின் மேல் ஒரு கொங்காணி ஏறி நின்றது.

"கங்காணியாரே! இவனைப் பேரு சொல்லியா கூப்பிடுதாவ, நம்பரைச் சொல்லியா?"

"நம்பரைத்தான். அதுக்கு?"

"ஒம்ம அய்யா நம்பர்லதான நீரு நிக்கீரு? ஒம்ம மூஞ்சியும் ஒங்க அய்யா மூஞ்சியும் ஒண்ணா? மூத்தவன் பிரிஞ்சு போயிட்டான். அந்த நம்பர்ல இவன் இப்பத் தால்க்காலிகம் நிக்கான். உக்காந்து படத்தைப் பாரும்!"

கொட்டகையே "அட!" என்றது. சீமையில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ, எங்கள் தோட்டத்துக்கு அது அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

அடுத்து வந்த படத்தில் மூத்தவன் திரும்பி வந்துவிட்டான். கொட்டகை ஆரவாரத்தில் கூரைத் தகரம் ஆடியது. ஒத்தப்படம் மட்டும் கைதட்டாமல் கேட்டார். "பிரிஞ்சு போனவன் எப்பிடில திரும்ப வந்தான்? அந்த நடு ஆளு எங்க? அவன் என்ன தப்பு செஞ்சான்?" அதற்கும் அடுத்த படத்தில் மூன்றாவதாக ஒருவன் வந்து, நம்பரில் ஸ்திரமாகவே உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து, ஒரே ஒரு படத்தோடு காணாமல்போன அந்த நடு ஆளின் கட்சிக்கு உலகத்திலேயே ஒரே தொண்டர் இவர்தான். ஒத்தப்படம் என்ற பெயரும் அன்று விழுந்ததுதான்.

பிரட்டுக்களத்தில் மூன்று கட்சியும் தினமும் மோதும். கங்காணி மூத்தவன் கட்சி. "அவன் கதவைத் தொறந்து வந்தான்னா, வீட்டுக்காரனே 'மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன்'னு எந்திரிச்சிப் போயிருவான். அது ஆம்பள நடை" என்பார். ஜீப் டிரைவர் செல்லத்துரை மூன்றாவதாக வந்த இளையவன் கட்சி. "வண்டி அப்பளமா நொறுங்குது, அவன் தலை வகிடு கலையல பாத்தீரா? அது தொழில் சுத்தம்."

ஒத்தப்படம் இரண்டையும் கேட்டுவிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பார்.

"மூத்தவனைச் செடி வெட்டுத கவ்வாத்துக்கு விடலாம். கத்தியை எடுத்தான்னா செடி தானாத் தலையைக் குனியும். ஆனா வெட்டுனதைத் திரும்பிப் பாக்கமாட்டான், குச்சியெல்லாம் தாறுமாறாக் கெடக்கும். இளையவனைக் காட்டுக்கே விட்டுறாத. தொரை பங்களாவுல தட்டேந்தி நிக்கத்தான் லாயக்கு. அட்டை கடிச்சாக்கூட ஒத்தப் புருவத்தைத்தான் தூக்குவான்."

"அப்ப ஒம்ம ஆளு?"

"என் ஆளு ஓடுவான் வே. மத்த ரெண்டு பேரும் ஓடுத மாதிரி நடிக்கானுவ. இவன் நெசமா மூச்சு வாங்கி ஓடுதான். புது ஆளு அப்பிடித்தான் ஓடுவான். நம்பர் கெடைக்கணும்லா?"

"அதெல்லாம் சரி. ஒம்ம ஆளு படத்துக் கடைசியில அழுதான்லா? உளவாளி அழலாமா வே?"

அந்தப் படத்தில் உளவாளிக்குக் கல்யாணம் நடக்கிறது. அன்றைக்கே மணப்பெண் சுடப்பட்டுச் சாகிறாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கேள்வி வந்ததும் ஒத்தப்படம் கொங்காணியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மேல்காட்டுக்கு ஏறிவிடுவார். அவர் மனைவி கல்யாணமான ஆறாம் மாதம் காய்ச்சலில் போனவள் என்பதை அம்மா எனக்கு வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

இந்த நிலைமையில்தான் இருநூற்று முப்பத்தொன்று காலியானது. அந்த நம்பரில் இருந்தவர் கங்காணியின் மச்சினன். வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பிள்ளைகள் யாரும் மலையில் இல்லை. அவர் வேலையை ஒன்றரை வருடம் ஒத்தப்படம் பார்த்தார். நம்பர் தனக்குத்தான் என்று உறுதியாக நம்பியிருந்தபோது ஒருநாள் மச்சினன் பெட்டியோடு வந்து ஜீப்பிலிருந்து இறங்கினார். ஊரில் மழையில்லையாம். நம்பர் திரும்ப வேண்டுமாம்.

ஒத்தப்படம் நேராக என்னிடம் வந்தார். "பாத்தியா தம்பி? அதே படம்! எழுது மனு."

எழுதினேன். முதல் பாரா ஒழுங்காகப் போனது. இரண்டாவது பாரா சொல்லும்போது அவர் சீமை உளவாளியிடம் போய்விட்டார்.

"அண்ணாச்சி, இது வேண்டாம். தொரை சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். சிரிக்கணும்னாலும் கேட்டுட்டுத்தான சிரிக்கணும்? எழுது."

மறுநாள் ஆபீஸ். மேசைக்குப் பின்னால் பெரிய தொரை. கோட்டயம் பக்கத்து மலையாளி. தமிழ் பேசுவார், படிக்கமாட்டார். ஒரு பக்கம் கங்காணியும் மச்சினனும். மறு பக்கம் நாங்கள். தொரை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். முதல் பாராவை முடித்து, இரண்டாவதைத் தாண்டி, "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த" என்று இறங்கினேன். ஒத்தப்படம் எழுத்துக் கூட்டத் தெரியாத மனிதர்தான். ஆனால் சொன்னது அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

"தம்பி, ஒரு பாராவை முழுங்கிட்டியே."

வேறு வழி? படித்தேன். "மேலும் சீமையில் மேற்படி உளவாளி நம்பரில் நின்று, ஓடியும் சறுக்கியும் குறைவின்றி வேலை செய்த தால்க்காலிக ஆளை நீக்கிவிட்டு, பிரிந்து போனவரையே திரும்பச் சேர்த்தது பெரும் அநீதி என்பதையும், அவ்வாறான அநீதி இம்மலையிலும் நடக்கலாகாது என்பதையும்..."

தொரை கண்ணாடியைக் கழற்றினார். "எடோ, நீ அந்த சினிமாவா பறையுது?"

"ஆமா தொரை."

"ஆ நடு ஆளா நல்லது? சும்மா இரி! ஆத்யம் வந்த மூத்த ஆள்தான் ஆள். திரும்பக் கொண்டுவந்தது நூறு சதமானம் சரி."

தொரை மூத்தவன் கட்சி! கங்காணியின் மீசை இரண்டு அங்குலம் உயர்ந்தது. ஒத்தப்படத்தின் காலை மேசை மறைவில் மிதித்தேன். "ஆமா தொரை, மூத்தவன்தான் நல்ல ஆள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினோரு வருடம் முடிந்துவிடும்.

"தம்பி, காலை எடு" என்றார் அவர். பிறகு தலையிலிருந்து கொங்காணியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் நரைத்துப் போயிருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"தொரை, மூத்தவன் நல்ல நடிகன். நான் இல்லைங்கல. நடை நல்லா இருக்குன்னு நம்பர் குடுத்தா, ஓடுனவன் எங்க போவான்? ஒங்க நம்பரை நீங்க யாருக்கு வேணாலும் குடுங்க. ஆனா அந்த நடு ஆளுக்கு நடந்தது சரின்னு மட்டும் என் வாயில வராது."

தொரை செக்ரோலைத் திருப்பச் சொன்னார். ஒன்றரை வருடத்துப் பக்கங்களையும் விரல் வைத்துப் பார்த்தார். ஒரு நாள்கூட விடுபடவில்லை. அடைமழைக்காலத்திலும் குறி இருந்தது, போட்டவன் நான்.

"கேட்டோ," என்றார் கடைசியில். "சினிமாவில் ஆத்யத்தே ஆள்தான். அதில் மாற்றமில்லை. எஸ்டேட்டில் நீ."

ஒத்தப்படத்தின் சொந்தப் பெயரை இருநூற்று முப்பத்தொன்றுக்கு எதிரே எழுதினேன். எழுதி முடிக்கும்வரை கூடவே குனிந்து நின்று பார்த்தார். "இம்புட்டு நீளமா என் பேரு?" என்றார். அந்தப் பெயரை அதன் பிறகு ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் பிரட்டுக்களத்தில் கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு, "எரநூத்தி முப்பத்தொண்ணு!" என்றார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். ஒத்தப்படம் வழக்கம்போலப் பின்வரிசையில் நின்று, யாரோ ஒருவன் வராமல்போனதற்கு உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார். செல்லத்துரை முதுகில் குத்திய பிறகுதான், "ஏ, அது நான்லா!" என்று மலையே கேட்கக் கத்தினார்.

ஒரு வருடம் இருந்தார். பிறகு உடும்பஞ்சோலைப் பக்கம் தங்கை புருஷன் ஏலக்காடு எடுத்து, துணைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். நம்பரைத் தங்கை மகனுக்கு எழுதிவைத்திருக்கலாம். தொரையிடம் போய், தால்க்காலிகத்தில் அதிக நாள் நின்றவனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பதினோரு வருசம் நின்னு வாங்குனதை ஒரே வருசத்துல விட்டுட்டுப் போறீங்க?"

"ஒரு படம் நல்லா நடிச்சாச்சுல்லா தம்பி? போதும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பின் பின்படியில் ஏறிக்கொண்டார்.

இப்போது அந்த நம்பரில் இருக்கிறவன் நல்ல உழைப்பாளி. எனக்கு முன்னால் பிரட்டுக்களத்துக்கு வந்துவிடுகிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை. கங்காணி நம்பரைக் கூப்பிட்டதும் முன்வரிசையிலிருந்து சத்தமாகக் குரல் கொடுக்கிறான். குறி போடுகிறேன். போடுவதற்கு முன்னால் என் கண் மட்டும் ஒரு நொடி பின்வரிசைக்குப் போய், அங்கே ஒரு சாக்குக் கொங்காணி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறது.