முப்பத்து நான்காவது நகர்த்தல் தொடர்பாக

தியெஸ், ரயில்வே குடியிருப்பு
திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்

மதிப்புக்குரிய மச்சான் செமூ அவர்களுக்கு, உங்கள் தங்கை தெனிங்கின் கணவன் லத்தீர் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் சமாதானமா? வீடு சமாதானமா? பிள்ளைகள், ஆடுகள், போன மழையில் ஒழுகிய கூரை, எல்லாம் சமாதானமா? இங்கே எல்லோரும் சமாதானம், என்னைத் தவிர.

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் செக்கர்ஸ் சங்கத்தின் ஐந்து பேர் அணி சென்லூயியில் நடக்கும் நகரங்களுக்கிடையிலான போட்டிக்கு வருகிறது. நான் உங்கள் வீட்டில் தங்குகிறேன். முதல் பலகையில், அதாவது அணியின் பலமான ஆளுக்குரிய இடத்தில், உட்காருகிறவனுக்குத் தூக்கம் முக்கியம். ஆகவே ஆற்றைப் பார்த்த அறையை எனக்கு ஒதுக்கி, அதன் ஜன்னலுக்குக் கீழே விடியும் முன்பே கத்தும் அந்தச் சேவலை மூன்று நாளைக்குப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதைச் சொல்ல இரண்டு வரி போதும். ஆனால் இந்த முதல் பலகை என் கையில் நிற்பதற்கு நான் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

எட்டு நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தில், பைலாவிடம் தோற்றேன். பைலாவை உங்களுக்குத் தெரியும், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன், எதை எழுதினாலும் பக்கத்தில் தேதியும் மணியும் போடாமல் அவன் கை நிற்காது. அவன் தூக்குலேர் இனம், நாம் செரேர் இனம். பாட்டன்மார் எந்தக் காலத்தில் எந்த மயக்கத்தில் செய்த ஏற்பாடோ, அவன் என்னை அடிமை என்பான், நான் அவனை அடிமை என்பேன், அவன் என் வீட்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரும் கோபப்படக் கூடாது. கேலி முறை. ஊரில் வேறு யாரிடம் தோற்றாலும் நான்கு நாள் பேசாமல் இருந்து மனதை ஆற்றிக்கொள்ளலாம். இவனிடம் தோற்றால் அந்த வசதியும் கிடையாது.

தோற்று எழுந்த கையோடு எங்கள் தலைவி கும்பா, மருந்துக்கடை கும்பா, என்னைத் தனியே கூப்பிட்டாள். "லத்தீர் அண்ணே, ரெண்டு மாசத்துல இது நாலாவது. முதல் பலகைய பைலா அண்ணனுக்குக் குடுத்துட்டு, நீங்க அஞ்சாம் பலகையில காத்தாட உக்காரலாமே?" என்றாள். மச்சான், பத்தொன்பது வருடமாக அந்தப் பலகை என்னுடையது. நான் அதில் உட்கார ஆரம்பித்தபோது இவள் பள்ளிக்கூடச் சீருடையில் வந்து வேடிக்கை பார்த்தவள். "அந்த ஆட்டத்துல ஜெயிக்கிற வழி இருந்துச்சு, முப்பத்து நாலாவது நகர்த்தல்ல. நான் விட்டுட்டேன், அவ்வளவுதான்" என்றேன். அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அப்ப வர்ற ஞாயிறு எல்லார் முன்னாடியும் காட்டுங்க. ரெண்டாவது சுத்து டீ முடியறதுக்குள்ள. வழி இருந்துச்சுன்னா அது கவனப் பிசகு, பலகை உங்களுது. இல்லன்னா..." என்று நிறுத்திவிட்டு, "இல்லன்னா வயசுண்ணே" என்றாள். மருந்து விற்கிறவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் போட்டியில் ஆடித் தோற்ற ஆட்டங்களையெல்லாம் நோட்டில் எழுதி, எங்கே எதை விட்டேன் என்று ஆராய்கிறவன். ஏழு நோட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். "விட்டதையெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே, ஜெயிச்சத ஏன் எழுதல?" என்று உங்கள் தங்கை கேட்கிறாள். ஜெயித்த ஆட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு வாரம் அமைதியாக உட்கார விட்டால் போதும் என்று நினைத்தேன். விட்டார்களா?

மறுநாள் திங்கட்கிழமை சமையல் மேஜையில் சோடா மூடிகளை வைத்து அந்த நிலையை அடுக்கினேன், மல்லாந்தது வெள்ளை, கவிழ்ந்தது கறுப்பு, ராஜாவுக்குச் சர்க்கரைக் கட்டி. அந்த ராஜாவைக் கடைசி வரிசையில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி யோசித்துக்கொண்டிருக்கும்போது பைலா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். "அடே அடிமை, எஜமான் வந்திருக்கேன், எந்திரிச்சு டீ போடு" என்று சொல்லிக்கொண்டே என் ராஜாவை எடுத்துத் தம்ளரில் போட்டுக் கலக்கிக் குடித்தான். "ஆட்டத்துல உனக்குக் கிடைக்காத ராஜா, என் வயித்துலயாவது இருக்கட்டும்" என்றான். உங்கள் தங்கை சிரித்தாள். முறைப்படி நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை முடிவெட்டப் போனேன். கடைக்காரன் பாதித் தலையை வெட்டிவிட்டு, கண்ணாடியில் சோப்பு நுரையால் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டு, "இங்க தான சார் விட்டீங்க?" என்று ஆரம்பித்தான். அவன் காட்டிய வழியில் எனக்கே நான்கு காய் போகும். வரிசையில் காத்திருந்த மூன்று பேரும் எழுந்து வந்து ஆளுக்கொரு வழி சொன்னார்கள், ஒருவருக்கொருவர் சண்டை வந்தது, மீதிப் பாதித் தலையை வெட்ட மறுநாள் போக வேண்டியதாயிற்று. புதன்கிழமை ரொட்டிக்காரன், "முப்பத்து நாலு, முப்பத்து நாலு" என்று சைக்கிள் மணி அடித்தபடி என் வாசலைக் கடந்தான். வியாழக்கிழமை பல்வலிக்குப் போனால், டாக்டர் என் வாயில் இரண்டு கருவிகளை விட்டுவிட்டு, "நீங்க வலப்பக்கத்தத் தொறந்து விட்டிருக்கணும்" என்கிறார். பல்லைச் சொல்கிறாரா ஆட்டத்தைச் சொல்கிறாரா என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. அன்று வீட்டுக்கு வந்தால் ஏழாவது நோட்டைக் காணோம். "பைலா அண்ணன் முறைன்னு சொல்லி எடுத்துட்டுப் போனாரு" என்கிறாள் தெனிங். போன வருடம் என் புதுச் செருப்பை எடுத்துப்போனபோதும் இதையேதான் சொன்னாள். நல்ல வேளை, அந்த ஆட்டம் எனக்கு மனப்பாடம்.

சனிக்கிழமை மத்தியானம், மச்சான், அது தெரிந்தது! முதலில் ஒரு காயைப் பலி கொடுக்க வேண்டும், பிறகு இரண்டு, மொத்தம் மூன்று. நம் ஆட்டத்தில் வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டும் அல்லவா, அவன் ஒவ்வொன்றாக வெட்டி வெட்டித் தன் வீட்டைத் தானே திறந்துவிடுவான். அப்புறம் நான் ஒரே வீச்சில் ஐந்து காயை வெட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் ராஜாவாக நிற்பேன். கத்தினேன். உங்கள் தங்கை வெங்காயக் கையோடு ஓடிவந்தாள். அவளை எதிரே உட்கார்த்திக் கறுப்பை நகர்த்தச் சொன்னேன். நடுவில் எதையோ விரலால் காட்டி, "ஏங்க, இங்க..." என்று ஆரம்பித்தாள். "அப்புறம் கேளு, இப்ப வெட்டு" என்றேன். நான்கு முறை ஆடிப் பார்த்தோம், நான்கு முறையும் ஜெயித்தேன்.

நேற்று சங்கத்தில் நிற்க இடமில்லை. முடிவெட்டுகிறவன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். இரண்டாவது சுற்றுத் தேநீர் கொதிக்கும்போது நான் வெள்ளையில் உட்கார்ந்தேன், பைலாவே கறுப்பில் உட்கார்ந்தான். "அடிமை, உன் சாவை நீயே தேடி வந்தியா?" என்றான். முதல் காயைக் கொடுத்தேன், வெட்டினான். அடுத்த இரண்டையும் கொடுத்தேன். அவன் யோசிக்கவே இல்லை, பலகை அதிர டப் டப்பென்று இரண்டையும் வெட்டிக் காயை அறைந்து வைத்தான். நான் ஐந்தை எடுத்துக் கடைசி வரிசையில் போய் நின்றேன். கூரை பறந்துவிடும் போலக் கூச்சல். பைலா தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்து, "செத்தேன்! என் அடிமையே என்னைக் கொன்னுட்டான்! கும்பா, எழுது, முதல் பலகை இவனுக்கு!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினான். கும்பா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாள். பிறகு, "சரிண்ணே, உங்களுது" என்றாள். அது வயசு இல்லை மச்சான், கவனப் பிசகு. ஊரறிய நிரூபித்தாயிற்று.

ஆகவே அந்த அறையும், சேவல் விஷயமும். உங்கள் ஆடுகள் பெருகட்டும், பிள்ளைகள் நீண்ட நாள் வாழட்டும், கூரை இந்த மழைக்காவது ஒழுகாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
லத்தீர்
(முதல் பலகை)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பைலா சாப்பிட வந்தான். நோட்டைத் திருப்பி மேஜையில் போட்டுவிட்டு, இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான். பிறகு திறந்து பார்த்தேன். முப்பத்து நான்காவது நகர்த்தலுக்கு எதிரே, பென்சிலில், என்னுடைய மூன்று பலியும் ஐந்து வெட்டும் அப்படியே அவன் கையெழுத்தில் இருக்கின்றன. அதற்குக் கீழே ஒரு வரி: "ஆனால் பாவம், இடப்பக்கமும் இரண்டு வெட்டலாம்." அதற்குப் பக்கத்தில் வியாழன், மாலை 5.40.

உண்மைதான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. எண்ணிக்கை சமமாக இருந்தால் எந்தப் பக்கம் வெட்டுவது என்பது வெட்டுகிறவன் இஷ்டம். இடப்பக்கம் வெட்டியிருந்தால் எனக்கு ராஜாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனுக்கு வியாழக்கிழமையே தெரியும். தெரிந்துதான் நேற்று யாரும் பார்ப்பதற்குள் வலப்பக்கம் அறைந்தான், தொப்பியை எறிந்தான். தெனிங்கிடம் சொன்னேன். "சனிக்கிழமை அதத்தாங்க கேக்க வந்தேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

நேரே மருந்துக்கடைக்குப் போனேன். "பைலாவுக்கே குடுத்துடு. அது வயசுதான்" என்றேன். "எனக்கு நேத்தே தெரியும்ணே. அவரே வாயத் தொறக்கல, நான் எப்படிச் சொல்றது?" என்றாள் கும்பா. நான் வீடு திரும்பிய அரை மணி நேரத்தில், கும்பா சொல்லிக் கேட்டு, பைலா மூச்சிரைக்க வந்து என் வாசலில் நின்றான். "நான் குடுத்தத திருப்பிக் குடுக்க நீ யாருடா? மனுஷன் ஊர் முன்னாடி தொப்பிய எறிஞ்சு தோத்தேனேடா!" என்றான். கேலி இல்லை, நிஜமான கோபம். நாற்பது வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. "பைலா, உனக்குக் கோபமா? முறையில்லையேப்பா" என்றேன். உட்கார்ந்து டீ கேட்டான். சர்க்கரைக்கட்டி ராஜாவை நானே எடுத்து அவன் தம்ளரில் போட்டேன்.

ஆகவே மச்சான், உங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வருகிறோம். ஆற்றைப் பார்த்த அறையை அவனுக்குக் கொடுங்கள், ஐந்தாம் பலகைக்காரன் எங்கே வேண்டுமானாலும் தூங்குவான். சேவலை எங்கும் அனுப்ப வேண்டாம். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.