தாய்மாமனுக்கு ஒரு தொட்டி

தொட்டி வந்து சேர்ந்துவிட்டது. குளியலறை வாசல்தான் அதற்கு வழிவிடவில்லை.

பிளம்பர் யூனுஸ் டேப்பைப் பிடித்து மூன்றாவது முறையாக அளந்தார். வாசலின் அகலம் முப்பத்தாறு அங்குலம். தொட்டியின் அகலம் முப்பத்தொன்பது. ஆழமும் அதே அளவு என்பதால் சாய்த்துக் கொண்டுபோகவும் முடியாது. எத்தனை முறை அளந்தாலும் வார்ப்பிரும்பு இளைக்கப் போவதில்லை என்று தெரிந்தும், மனுஷன் நான்காவது முறையும் அளந்தார்.

"நான் முப்பத்து மூணுன்னுதானுங்களே எழுதிக் குடுத்தேன்?"

"ஆமாங்க பாய். மாமன் கொஞ்சம் தாராளமா உக்காரட்டுமேன்னு நாந்தான் ஆறு அங்குலம் கூட்டச் சொல்லிப்போட்டேன்" என்றார் வீட்டுக்காரர் தம்பிதுரை. அவர் முகத்தில் கவலையின் சாயல்கூட இல்லை.

தம்பிதுரைக்குக் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்பு கம்பெனி. பக்கத்திலேயே சொந்தமாக இரும்பு வார்க்கும் பட்டறையும் உண்டு. பீளமேட்டில் புது வீடு கட்டிப் போன தை மாதம்தான் குடிவந்திருந்தார். குடிவந்த அன்று, பந்தியில் ஐம்பது பேர் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, சோமனூரிலிருந்து வந்திருந்த தாய்மாமன் சென்னியப்பனிடம், "அத்தையும் போயிட்டாங்க. இனி நீங்க எங்ககூடவே இருந்துக்கோணுமுங்க மாமா" என்று சொன்னார். தாய்மாமனிடம் சொல்லவேண்டிய மரியாதை அது. சொல்லாமல் விட்டால்தான் தப்பு.

சென்னியப்பன் இலையை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"வாரேனுங்க மாப்பிள்ளை. ஆனா இந்த முட்டிவலி இருக்குதுங்களே. நம்ம தீபக் அமெரிக்காவுல இருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தானே, கழுத்து மட்டும் சுடுதண்ணி, அடியில இருந்து குமிழி அடிக்கற தொட்டி, அந்த மாதிரி ஒண்ணு இருந்துதுன்னா அன்னைக்கே பொட்டியத் தூக்கீட்டு வந்துருவேன்."

ஐம்பது பேர் கேட்ட பிறகு மறுபேச்சு ஏது? மறுநாளே யூனுஸைக் கூப்பிட்டு மகன் தீபக் அனுப்பிய போட்டோவைக் கையில் கொடுத்தார் தம்பிதுரை. அதில் நான்கைந்து வெள்ளைக்காரத் தலைகள் நுரைக்கு மேலே சிரித்துக் கொண்டிருந்தன. கோயமுத்தூரில் அப்படி ஒரு தொட்டியை அதுவரை யூனுஸ் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காக முடியாது என்று சொல்லிவிடுவாரா? கோட்டைமேட்டில் அவருக்கென்று ஒரு பேர் இருந்தது. யூனுஸ் முடுக்கிய நட்டை இன்னொருத்தர் முடுக்க வேண்டியதில்லை என்பார்கள். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வேலையைக்கூடத் தண்ணீர் வராமல் விட்டதில்லை.

"முடிச்சுத் தர்றது எம் பொறுப்புங்க" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டார். நெஞ்சில் வைத்த அந்தக் கையை மூன்று மாதமாக எடுக்க முடியவில்லை.

முதலில் டவுன்ஹால் பக்கத்துக் கடையில் பம்பாயிலிருந்து வந்த ஃபைபர் தொட்டி ஒன்றைக் காட்டினார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தம்பிதுரை செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கடை நடுவில் அதற்குள் இறங்கி உட்கார்ந்தார்.

"பாருங்க பாய், தண்ணி நெஞ்சுக்குத்தான் வரும். மாமன் கழுத்துன்னு சொல்லியிருக்காரு."

"ஒரு சாண்தானுங்களே குறையும்."

"தாய்மாமன் சொன்னதுல ஒரு சாணு குறைச்சா நாளைக்குச் சொந்தத்துல தலைகாட்ட முடியுமுங்களா? நம்ம பட்டறையிலயே ஊத்திப்போடலாமுங்க. மோட்டாருக்கு ஊத்தற இரும்புதானே."

இப்படித்தான் அரை டன் தொட்டி பிறந்து, டிராக்டரில் ஊர்வலம் வந்து, வாசலில் மாட்டிக்கொண்டு நின்றது.

"நிலையை மட்டும் பேத்து எடுத்துட்டா உள்ள போயிருமுங்க" என்றார் யூனுஸ்.

சமையலறையிலிருந்து தம்பிதுரையின் மனைவி நஞ்சம்மாள் கரண்டியோடு வந்தார். "நிலையிலயா கை வெக்கறீங்க? பூசை போட்டு வெச்ச நிலையுங்க பாய்."

தலைவாசல் நிலைக்குத்தான் பூசை போட்டார்கள். மிச்சமிருந்த மஞ்சளை வீணாக்க வேண்டாமென்று அம்மாள் குளியலறை நிலைக்கும் பூசியிருந்தார். மஞ்சள் பட்டது பட்டதுதான். ஆகவே நிலையை விட்டுவிட்டு மேற்குச் சுவரை இடித்தார்கள். சுவருக்குள் ஓடிய சிறுவாணித் தண்ணீர்க் குழாய் உடைந்தது. தெருவுக்கே இரண்டு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர் வரும். அது வருகிற நாள் பார்த்து உடைந்தது. ஹால் முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர்.

யூனுஸ் கூனிக் குறுகி நின்றார். தம்பிதுரையோ சோபா மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "உடுங்க பாய். மெதுவாச் செய்யலாமுங்க. என்ன அவசரம்?" என்றார்.

என்ன மனுஷன், என்ன மனசு என்று யூனுஸ் உருகிப்போனார். வேறு முதலாளியாக இருந்தால் இந்நேரம் பைப் ரென்ச்சைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியிருப்பான். இவருக்காகவாவது இதை முடித்தே தீரவேண்டும் என்று அன்று ராத்திரி மனைவி இஸ்மத்திடம் சொன்னார்.

"நம்ம ஊட்டுக் குழா ஆறு மாசமா ஒழுகுது. அதுக்கும் ஒரு தாய்மாமன் வரணுமாக்கும்" என்றாள் இஸ்மத்.

பளு தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக் கட்டி, ஆறு பேர் பிடித்து, தொட்டியை உள்ளே இறக்கிச் சுவரையும் கட்டியாயிற்று. வடிகால் குழாயையும் பொருத்தியாயிற்று. நஞ்சம்மாள் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், இதுல சாஞ்சு உக்காந்தா மாமனுக்குத் தலை எந்தப் பக்கமுங்க வரும்?"

"அந்தப் பக்கமுங்க."

"அது வடக்குங்களே. வடக்க தலை வெச்சுப் படுப்பாங்களா யாராச்சும்?"

"இது படுக்கறதில்லீங்க, குளிக்கறதுங்க."

"சுகமா இருந்தா கண்ணசந்துருவாங்கல்ல?"

மறுபடியும் ஆறு பேர், மறுபடியும் செயின் பிளாக். தொட்டியைத் திருப்பியதும் தலை தெற்கே வந்தது. வடிகால் துவாரம் வடக்கே போய்விட்டது. புதுத் தரையை முழுக்கப் பெயர்த்துக் குழாயை மாற்றிப் போட்டார்கள். அதற்குள் மாசியும் போய்விட்டது.

அடுத்தது குமிழி. யூனுஸ் அரைக் குதிரைசக்தி மோட்டார் ஒன்று போதும் என்றார். தம்பிதுரை ஒப்பவில்லை.

"பாய், நான் பம்பு கம்பெனி நடத்தறவன். எங்கூட்டுக்குள்ள அடுத்தவன் மோட்டாரு ஓடுனா ஊரு சிரிக்காதுங்களா? நம்ம மோட்டாரே போடுங்க."

அவர் கம்பெனியில் செய்கிற மோட்டாரிலேயே சின்னது ஐந்து குதிரை. பல்லடத்துப் பக்கம் நூறடிக் கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கித் தென்னந்தோப்புக்கு அனுப்புகிற ராட்சசன். சுவிட்சைப் போட்டதும் குமிழி வரவில்லை. தொட்டியில் இருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே எழும்பு எழும்பி, கூரையில் அடித்து, ஜன்னல் வழியே வெளியே போய், பக்கத்து வீட்டு மொட்டைமாடி வடகத்தில் இறங்கியது.

பக்கத்து வீட்டம்மாள் வந்து, "ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க வடகத்துல மழை பேஞ்சுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோயமுத்தூரில் சண்டை போடுகிற முறை அதுதான்.

யூனுஸ் விடவில்லை. ஒரு கேட் வால்வு வைத்து, முக்கால்வாசித் தண்ணீரைத் திருப்பித் தொட்டிக்கே அனுப்பி, மிச்சத்தில் காற்றைக் கலந்துவிட்டார். அழகாகக் குமிழி வந்தது. கண்ணில் நீர் கோத்தபடி சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார். காலையில் வந்து பார்த்தால் வால்வு தளர்ந்து தரையெல்லாம் தண்ணீர்.

முடுக்கினார். மறுநாள் வாஷரைக் காணவில்லை. வாஷர் போட்டார். அதற்கடுத்த நாள் மோட்டார் திருப்பிச் சுற்றியது. அதைச் சரிசெய்தால் கொதிநீர் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. இருபத்தைந்து வருஷத்தில் தன் கையைத் தானே சந்தேகப்பட்டது அப்போதுதான். சாயங்காலம் முடுக்கிய நட்டு காலையில் தானாகக் கழலுமா? கை நடுங்க ஆரம்பித்துவிட்டதா? டீக்கடையில் கண்ணாடி டம்ளரைப் பிடித்து, டீ ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். கோட்டைமேட்டில் சின்னப் பையன்கள் அவரைத் தொட்டி பாய் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தொழிலையே விட்டுவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது.

மாதம் ஒரு தடவை சென்னியப்பன் சோமனூரிலிருந்து போன் செய்வார். தம்பிதுரை அதை யூனுஸுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடுவார். "முடிஞ்சுதுங்களா மாப்பிள்ளை?"

"இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்குதுங்க மாமா. பாய் ராப்பகலாப் பாடுபடறாருங்க."

"மெதுவாவே ஆகட்டுமுங்க. அவசரப்படுத்தாதீங்க, பாவம்."

இதைக் கேட்கும்போதெல்லாம் யூனுஸ் இன்னும் வேகமாக முடுக்குவார். இங்கே மருமகன் பாசம், அங்கே மாமன் பொறுமை. நடுவில் தடையாக நிற்பது தன் கை ஒன்றுதான்.

சித்திரையில் தம்பிதுரை குடும்பத்தோடு காங்கேயத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். "ரெண்டு நாளைக்கு நீங்களும் ரெஸ்ட் எடுங்க பாய்" என்றார்.

யூனுஸ் ரெஸ்ட் எடுக்கவில்லை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கி அந்த இரண்டு நாளும் குளியலறையிலேயே கிடந்தார். ஒவ்வொரு நட்டையும் கழற்றி, நூல் சுற்றி, வெள்ளைப் பெயிண்ட் தடவி முடுக்கினார். ஆச்சரியம் என்னவென்றால், இந்த முறை முடுக்கியது முடுக்கியபடியே நின்றது. முதல் நாள் மாலை இருந்தது மறுநாள் காலையிலும் இருந்தது. மோட்டார் ஒழுங்காகச் சுற்றியது. வெந்நீர் கழுத்தளவு நின்றது. பச்சரிசிப் பொங்கல் கொதிக்கிற மாதிரி, அடியிலிருந்து மெல்லக் குமிழி கிளம்பியது. யூனுஸ் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக் கொண்டிருந்தார். தன் கை தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

மத்தியானம் கார் வந்து நின்றது. தம்பிதுரை, நஞ்சம்மாள், அவர்களோடு சென்னியப்பனும் இறங்கினார். கல்யாணத்தில் பார்த்து அழைத்து வந்திருந்தார்கள்.

"நீங்களே ஒருக்கா உங்க கண்ணால பாருங்க மாமா. எத்தனை பாடு பட்டும் முடிய மாட்டேங்குது" என்று பேசிக்கொண்டே குளியலறைக் கதவைத் திறந்தார் தம்பிதுரை.

திறந்தவர் அப்படியே நின்றார். ஆவி பறந்து வந்து அவர் கண்ணாடியை மூடியது. நஞ்சம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சென்னியப்பனின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"முடிஞ்சுதுங்க" என்றார் யூனுஸ். பாவம், எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"முடிச்சே... போட்டீங்களா பாய்?" என்றார் தம்பிதுரை.

"உங்க நல்ல மனசுக்குத்தானுங்க."

சென்னியப்பன் துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். தம்பிதுரை ஹாலில் போய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நஞ்சம்மாள் அடுப்பை மூட்டாமல் அடுப்பையே பார்த்துக் கொண்டு நின்றார். யாரும் யூனுஸுக்கு ஒரு வாய் காபி கொடுக்கவில்லை.

குழப்பத்தோடு வாசலுக்கு வந்தவரை வாட்ச்மேன் சீனிவாசலு கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இப்படிப் பண்ணிப்போட்டீங்களே பாய். நீங்க தினம் சாயங்காலம் சைக்கிள் ஏறுனதும் மொதலாளி ஸ்பேனரோட உள்ள போவாருங்க. அம்மா டார்ச் புடிப்பாங்க. ஒரு நட்டாவது கழட்டாம சாப்பாட்டுக்கு உக்கார மாட்டாங்க."

"எதுக்குங்க?"

"மாமன் வந்துட்டா விடியக்காலம் நாலு மணிக்கு ரேடியோ, பகலெல்லாம் நாட்டுநடப்புப் பேச்சு, யாரும் டிவி பாக்கப்படாது. தாய்மாமன வேண்டாம்னு வாயால சொல்ல முடியுமுங்களா? தொட்டி முடியலைன்னுதான் சொல்லமுடியும்."

யூனுஸ் அங்கேயே கேட்டைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் பூசிய நிலை, வடக்குத் தலை, ஐந்து குதிரை மோட்டார், காணாமல் போன வாஷர் எல்லாம் வரிசையாக அவர் கண்முன் வந்து போயின. கோபம் வந்தது. அதைவிடச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும்விட, அந்தக் குளியலறையில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கும் பெரியவரை நினைத்தபோது மனசு கனத்தது. இத்தனை ஆசையோடு காத்திருந்த மனுஷனுக்கு இந்த வீட்டில் இப்படி ஒரு வரவேற்பா?

அவரிடம் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது, வெந்நீர் போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று உள்ளே போய்க் கதவைத் தட்டினார்.

"பாய் மட்டும் வாங்க" என்று குரல் வந்தது.

கழுத்தளவு தண்ணீரில், குமிழிக்கு மேலே, சென்னியப்பனின் தலை மட்டும் தெரிந்தது.

"சூடு போதுமுங்களா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க" என்றார் பெரியவர். அதைச் சொன்ன முகத்தில் ஈயாடவில்லை. "கதவத் தாள் போடுங்க. மாப்பிள்ளை காதுல விழப்படாது."

யூனுஸ் தாழ்ப்பாளைப் போட்டார். பெரியவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கமாக எட்டிக் குரலைத் தணித்தார்.

"அம்பது பேரு முன்னால கூப்புட்ட தங்கச்சி மகன்கிட்ட வரமாட்டேன்னு சொல்லமுடியாம, எவனாலயும் செய்யமுடியாதுன்னு நம்பித்தானுங்க நான் இந்தத் தொட்டியக் கேட்டதே, எந்த நட்டக் கழட்டுனா இது நிக்கும்னு சொல்லிப்போடுங்க பாய், நான் சாயங்கால பஸ்சுக்கே சோமனூரு போயிடறேன்."