புகையனுக்குத் தும்மல் வந்த பிறகு

திருவொற்றியூர்க் கடற்கரைக் கற்களின் மேல் மல்லாந்து கிடந்தபோதுதான் புகையன் எனக்குத் தோன்றினான். எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகை மாலை வெயிலில் ரோஸ் நிறமாகி, கைகால் முளைத்து, மெதுவாகக் கடலுக்குள் நடந்து போனது. அதற்குப் பின்னால் ஒரு படகு மறைந்தது. “முழுங்கிட்டான்!” என்று கத்திக்கொண்டு எழுந்தேன். (பக்கத்தில் படுத்திருந்த நாய் ஓடிவிட்டது. என் முதல் ரசிகர்.)

குப்பத்துத் திருவிழா நாடகத்தில் அவனைப் படகு தின்னும் ராட்சசனாக எழுதினேன். வேஷம் கட்டியவன் என் தோஸ்து தாஸ். முதல் வருஷம் பிள்ளைகள் அலறினார்கள். எனக்குப் பரம திருப்தி. அடுத்த வருஷம் முகமூடிப் பஞ்சு மூக்கில் ஏறி தாஸ் தும்மிவிட்டான். கூட்டம் சிரித்தது. பிறகு தும்மலுக்காகவே காத்திருந்தார்கள். புகையன் தும்மினால் பனி விலகி, வழி தப்பிய படகு கரை சேரும் என்று யாரோ சேர்த்துவிட்டார்கள். இப்போது படகு முகப்புகளில் எல்லாம் அவன் படம். கடலுக்குக் கிளம்புகிறவர்கள் அவன் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்புகிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் ராட்சசனை மீட்டே தீருவதென்று இந்த வருஷம் நானே வேஷம் கட்டினேன்.

“உங்கள் படகுகளை எல்லாம் விழுங்குவேன்!”

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “புகையா, தும்மல் வர்லியா?” என்று கைக்குட்டையை நீட்டினாள்.

மீன் விற்கும் தேசம்மாக்கா எழுந்துவிட்டார். “டேய், எங்க வூட்டுக்காரு காலைல கடலுக்குப் போறாரு. இன்னா பேச்சு பேசற? வாபஸ் வாங்கு!”

“அக்கா, ஒரிஜினல் இதான். நான்தான எழுதுனேன்!”

மேடை ஓரத்திலிருந்து தாஸ் சொன்னான்: “மாமு, உங்கம்மாகூட உன்ன டாக்டராத்தான் பெத்துச்சு. நீ இன்னாவா வந்து நிக்கற?”

(கூட்டத்தில் முதலில் கைதட்டியவர் அம்மா.)

வேஷத்தோடு என்னை தேசம்மாக்கா வீட்டுப் படகுக்கு இழுத்துப் போனார்கள். முகப்பில் சிரித்துக்கொண்டிருந்த புகையனிடம், புகையனாகிய நான் மன்னிப்புக் கேட்டேன். திருவிழா விளக்குகள் அலைமேல் மிதந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் அவன், நான் கண்டதைவிட அழகாக இருந்தான், அதுதான் எரிச்சல். அவன் மூக்கைத் தொட்டேன். என் முகமூடிப் பஞ்சு மூக்கில் ஏறியது. தும்மினேன்.

கரையே விசிலடித்தது.

மறுநாள் தேசம்மாக்கா வீட்டுக்காரர் கூடை கூடையாக வஞ்சிரத்தோடு திரும்பினார். பெருமை முழுக்க முகப்பில் இருந்தவனுக்குப் போனது. எனக்குக் கிடைத்தது ஒரு பெயர்தான். அம்மாகூட இப்போது, “ஒரிஜினலு, சாப்ட வா” என்றுதான் கூப்பிடுகிறார்.

“பாவம், தனியா கீறான். ஒரு பொண்ணு பாரு” என்று தேசம்மாக்கா உத்தரவு. (புகையனுக்கு. எனக்கில்லை.) அடுத்த திருவிழாவுக்கு அவளைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணலிப் பக்கத்து ஆலைப் புகைமேகத்தில் பிறந்தவள். படகுகளை விழுங்குவாள்.

அவள் முகமூடியில் மட்டும் பஞ்சு வைக்கப்போவதில்லை.