மொட்டைமாடிப் பெட்டியும் ஆறு வெள்ளைத் தாள்களும்

அன்புள்ள மச்சான் சிலுவைமுத்துவுக்கு,

திருவொற்றியூரிலிருந்து உன் மாமா அம்புரோஸ் எழுதுவது. மாதா கிருபையால் அரக்கோணத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா வியாகுலம்மாள் நலம். அவளால் மற்ற யாரும் நலமில்லை. போனில் பேசினால் பக்கத்தில் நின்று கேட்கிறாள், அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் நிலக்கரி யார்டு போதாதென்று இன்னொன்று வரப்போகிறது. அதற்கு முன்னால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யணுமாம். அதாவது, நாம் எவ்வளவு கெட்டுப்போவோம் என்று முன்கூட்டியே மரியாதையாக அளந்து பார்ப்பது. அதற்காக இரண்டு பேர் வந்து நம் மொட்டைமாடியில் தூசி பிடிக்கிற பெட்டி ஒன்றை வைத்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நம் மகள் ஜூடியின் கைக்குழந்தைக்கு இப்பவே இழுப்பு. இன்னொரு யார்டு வந்தால் பிள்ளையை அந்த வீட்டில் வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெட்டி தூசியைக் காட்டிக்கொடுக்கும், யார்டு வராது, பேரன் நம்மோடவே இருப்பான் என்று நினைத்தேன். உன் அக்காவை மறந்துவிட்டேன் மச்சான்.

பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் தாள் போடுவார்கள், மறுநாள் காலையில் வந்து எடுத்துப் போவார்கள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மாற்றுத் தாள் கட்டு ஒன்றை நம் வீட்டிலேயே வைத்துப் போனார்கள், அங்கேதான் வினை. அவர்கள் வருவதற்கு அரை மணி முன்னால் இவள் மாடியேறி, கருத்துப்போன தாளை உருவிவிட்டுப் புதுத் தாள் போட்டிருக்கிறாள், அலமாரிக்குத் தாள் மாற்றுகிற மாதிரி. ஆறு நாள்! ரிப்போர்ட்ல இன்னா போட்டுகீறான் தெரியுமா, நம்ம தெருக் காத்து மலை மேல கீற காத்தவிட சுத்தமாம், இன்னும் ரெண்டு யார்டு வந்தாலும் தாங்குமாம்! "இன்னாடி பண்ணி வச்சிகீற?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "பின்ன? நாலு பேர் வந்து போற எடம் அவ்ளோ கலீஜா கீது, என் வூட்டப் பத்தி இன்னா நெனைப்பாங்க?" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். நடந்ததை எழுந்து சொல்கிறேன் என்றால், "என் வூட்ல தூசின்னு மைக்ல மட்டும் சொல்லு, நான் கல்மண்டபத்துக்கு அம்மா வூட்டுக்கே பூடுவேன்" என்று மிரட்டுகிறாள். பேசினால் பெண்டாட்டி போவாள், பேசாவிட்டால் பேரன் போவான். நீ ஒரு நடை வந்து அவளுக்குப் புத்தி சொல்லு, உனக்குப் புண்ணியமாப் பூடும்.

மாதா உன் வீட்டைக் காக்கட்டும். உங்கள் ஊர்க் காற்றை எவனும் அளக்க வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்புரோஸ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், கூட்டமே முடிந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. இருக்கிற கொஞ்சநஞ்சத் தூசியும் வீடுகளைச் சரியாகப் பெருக்காததால் வருவது என்று மேடையில் ரிப்போர்ட்டை வாசித்தார்கள். அவ்வளவுதான். உன் அக்கா விறுவிறுவென்று மேடையேறி, வெட்கப்பட்டுத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்த ஆறு கருப்புத் தாள்களையும் அதிகாரி முன்னால் விரித்துப் போட்டாள். "இது என் வூட்டுத் தூசி இல்ல நைனா, உன் தூசி. நீயே எடுத்துகினு போ!" தெருவே கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நேற்று நடவடிக்கைக் குறிப்பு வந்தது: "நிறுவனத்துக்குச் சொந்தமான ஆறு தாள்களை அப்பகுதிப் பெண்மணி ஒருவர் நேர்மையுடன் திருப்பி ஒப்படைத்தார். வேறு ஆட்சேபணை இல்லை." ஆகையால் புத்தி சொல்ல நீ வரவேண்டாம். பிள்ளையின் தொட்டிலைக் கழற்றத்தான் வா. எனக்கு மனசு வரவில்லை.