திருத்தணி வீட்டில் ஒரு கடி

"கையை ஆட்டாதே. வெளிச்சத்துக்குக் கொண்டா" என்றேன்.

என் மனைவி அம்சவேணி மணிக்கட்டை நீட்டினாள். சிவப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் துவரம்பருப்பு அளவுக்குத் தடிப்பு.

"முள்ளு மாமா. ஜன்னலாண்ட வேலி முள்ளு சாத்தி வெச்சிகிறாங்க பாரு, அதுல கைய வெச்சிட்டேன்."

"நீ பேசாதே. பேசினா விஷம் ஏறும்."

எங்கள் ஊரில் கடி பார்ப்பதென்றால் நான்தான். தேள் ஒரு புள்ளி, பூரான் இரண்டு. சிலந்திக்குப் புள்ளி தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதனால்தான் என்னைப் போல் ஒருவன் வேண்டியிருக்கிறது. கடிபட்டவர் அலறுவதைக் கேட்டே சொல்லிவிடுவேன். ராகத்தோடு அலறினால் பூரான். ராகம் இல்லாமல் அலறினால் தேள். அலறாமல் என்னை முறைத்தால் சிலந்தி.

அம்சவேணி முறைத்தாள்.

"எரியுதா?"

"கொஞ்சமா எரியுது. முள்ளு உள்ளார கீது இல்ல?"

"முள்ளு குத்தினா வலிக்கும்டி, எரியாது. அரிக்குதா?"

"நீ கேட்டப்புறம் அரிக்குது."

"பாத்தியா!"

நாங்கள் குடிவரப் பார்த்த வீடு அது. அந்த 1960 ஏப்ரலில் எல்லையை மாற்றியதில் திருத்தணி மதராஸோடு சேர்ந்துவிட்டது. நகரிப் பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. இனி ஆந்திராவில் ஒரு பொங்கல்கூடப் பொங்க மாட்டேன் என்று ஊர் நடுவில் சபதம் செய்திருந்தேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. சாமான்களை மூட்டை கட்டியாயிற்று. "எருமைய எங்க கட்டுறது மாமா?" என்று மட்டும் அம்சவேணி கேட்டாள். தாய்மொழி மண்ணுக்குப் போகிற நேரத்தில் எருமையைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை. கன்றாக வாங்கி வளர்த்தது அவள்தான். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ரங்கையா சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார். தமிழ் மண்ணில் நான் பார்த்த முதல் வீட்டுக்காரர் தெலுங்குக்காரர்.

"சிலந்தியா? லேதய்யா, லேது! இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சேன்."

"சுண்ணாம்பு அடிச்சா போயிடுமா? வீடு புதுசாச்சேன்னு அது இன்னும் நாலு புள்ள பெத்துக்கும்."

விளக்குமாற்றின் அடியால் உத்தரத்தைத் தட்டினேன். ஒன்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"அது கடிக்காது சாமி. எங்க நைனா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்குது."

"பரம்பரையாவா!"

"விடு மாமா" என்றாள் அம்சவேணி. "நல்ல வீடு. ஒரு முள்ளுக்குப் போயி..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வலி தாங்கவில்லை என்று நினைத்தேன்.

வைத்தியத்தைத் தொடங்கினேன். சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஈரத்துணி வைத்தேன். கீறக் கூடாது, சூடு போடக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, வீக்கம் மேலே ஏறினால் டாக்டர் என்று ரங்கையாவுக்கும் பாடம் நடத்தினேன். என் துண்டைத் தூளி மாதிரி அவள் கழுத்தில் கட்டிக் கையைத் தொங்கவிட்டேன்.

"அப்போ வீடு?" என்றார் ரங்கையா.

ஒருமுறை கடிபட்டவர் அதே மாதிரிக் கூரையின் கீழ் படுக்கக் கூடாது. இரண்டாவது கடி ஆளைத் தூக்கிவிடும். இது நானே கண்டுபிடித்தது. இதைச் சொல்லித்தான் எங்கள் ஊரில் தேள் கடித்த கங்கையாவை அவன் மாட்டுக்கொட்டகையிலிருந்து கிளப்பினேன். ஊருக்கே தெரியும்.

"இது மனுசன் படுக்கிற வீடா? இந்தத் தெருவே ஆகாது. ஓட்டு வீடு, பனங்கை உத்தரம், எல்லாம் சிலந்திக்கு மாமியார் வீடு."

"நம்ம வீடும் ஓட்டு வீடுதானே மாமா?"

"நம்ம வீட்டுல நான் இருக்கேன்டி."

"அதுவும் சரிதான்" என்றாள்.

நகரிக்கு பஸ் ஏறினோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்சவேணி துண்டைக் கழற்றி என் தோளில் போட்டாள். ஊசியை எடுத்து மணிக்கட்டை நோண்டினாள். எதையோ என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது இன்னா மாமா?"

கறுப்பாக, கூராக இருந்தது. எந்தச் சிலந்திக்கும் இப்படி ஒரு பல் கிடையாது.

"முள்ளு" என்றேன். "அங்கியே அடிச்சிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லிக்கினுதானே இருந்தேன்? ரங்கையாகூட கேட்டுக்கினு நின்னாரே."

"நீ சொன்ன விதம் சரியில்லை."

"சிலந்தின்னு சொல்லியிருந்தா, முள்ளுன்னு சாதிச்சி அங்கியே குடி வெச்சிருப்ப."

கொல்லையில் எருமை கத்தியது. அம்சவேணி பால் செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டி வைத்த சாக்கு மூட்டையை அவிழ்த்தேன். குழவியைத் தேடி எடுத்து, ஆட்டுக்கல்லில் வைத்தேன்.