புகை வந்ததும் வெங்காயத்தைப் போடவும்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். நலம் என்று எழுதுவதற்கு முன் இருமலோ கால் வீக்கமோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன், இல்லை. நீயும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். நாளைக் காலை வண்டிக்குக் கிளம்பும் உன் வீட்டுக்காரன் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வாயால் நன்றி சொல்ல எனக்கு வராது. தொலைபேசியில் என்றால் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

உன் அத்தை போன பிறகு நான் தனியாக இருக்கக் கூடாது என்று பேச்சு வந்ததும், உன் வீட்டுக்காரன் கெடு வைத்ததும் உனக்குத் தெரியும். "ஒரு மாசம் நீங்களே சமைச்சு ஒழுங்கா சாப்பிடுங்க. நான் வந்து பார்ப்பேன். சரியா இருந்தா இங்கேயே இருங்க. இல்லேன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு எங்களோட வந்துடணும்" என்றான். உங்கள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை அம்மா. ஆனால் அங்கே நான் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்திலிருந்து யாராவது ஒருவர் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இதை அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நீயோ நான் சொல்லாமலே புரிந்துகொண்டு ஏழு தாள்களில் சமையல் குறிப்பு எழுதி அனுப்பினாய். ஆறு அன்றாடத்துக்கு, ஒன்று விருந்தாளி வந்தால்.

முப்பத்தோரு வருடம் தீத்தடுப்பு ஆய்வாளராக எத்தனையோ தொழிற்சாலை கேன்டீன் அடுப்புகளைக் குறை சொல்லியிருக்கிறேனே தவிர, ஒன்றையும் பற்றவைத்ததில்லை. முதல் நாள் இடப்பக்கம் ஒரு வாளி மணல், வலப்பக்கம் ஈரச் சாக்கு, வாசல் கதவை விரியத் திறந்துவைத்து, பருப்பு வேகவைத்தேன். சாக்கு காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் பருப்பு அடிப்பிடித்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள்தான் தாளின் அடியில் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்ததைக் கண்டேன்: "கெட்டுப்போனா போகட்டும் மாமா, இன்னொரு தடவ பண்ணிக்கலாம்." என் உத்தியோகத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அடுப்படியில் நின்றபடி நான்கு முறை படித்தேன். அன்று பருப்பு பருப்பாகவே வந்தது.

செய்தவனே சோதிக்கக் கூடாது என்பது எங்கள் துறை வழக்கம். ஆகவே கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குத் தினமும் ஒரு கிண்ணம் கொடுத்து, ருசி பார்க்கச் சொல்லி, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். "தைச்ச துணிக்கே நான் கையெழுத்து போடறதில்ல சார், தின்ன சோத்துக்குப் போடறேன்" என்று அலுத்துக்கொண்டாலும் போட்டார். உருளைக்கிழங்கு வறுவலுக்கு மட்டும் இரண்டு நாள் மறுத்துவிட்டார். அது நியாயம்தான்.

இன்று மதியம் ஒரு மணிக்கு உன் வீட்டுக்காரன் வருவதாக ஏற்பாடு. காலையிலேயே ஏழாவது தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினேன்: காய்கறிச் சோறு, மேலே தூவ வறுத்த வெங்காயம். காய் நறுக்கியதில் குறையில்லை, சோறும் உதிரியாக வந்தது. கடைசியில் நீ எழுதியிருந்தாய், "எண்ணெயில் லேசாகப் புகை வந்ததும் வெங்காயத்தைப் போடவும்" என்று. புகை வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த விதியை அச்சடித்து நானூறு சுவர்களில் ஒட்டியவன் நான். அதில் வெங்காயம் கிடையாது. உன் பேச்சைத் தட்டவும் மனமில்லை. ஆகவே வெங்காயத்தைப் போட்டேன், அடுப்பை அணைத்தேன், மூன்று மாடியிலும் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் முற்றத்துக்கு இறக்கினேன். இரவு வேலை முடிந்து படுத்திருந்த நர்ஸம்மா தலையணையோடு வந்தார். "எங்க சார் நெருப்பு?" என்றார் தையல்காரம்மா, ஊசியைக் கையில் பிடித்தபடி. இன்னும் இல்லை, வருவதற்கு வாய்ப்பு இருக்கிறது என்று விளக்கினேன். "வந்ததும் சொல்லுங்க ஐயா, அதுவரைக்கும் தூங்கறேன்" என்று நர்ஸம்மா திரும்பிப் போகப் பார்த்தார். எண்ணி முடிக்கும்வரை யாரும் நகரக் கூடாது என்று கெஞ்சி நிறுத்தினேன். அப்போது கட்டடத்தில் இருந்தவர்கள் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். எண்ணினேன், ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். ஒன்பதாவது ஆள் கையில் பெட்டியோடு நின்றான்.

"என்னப்பா இது?" என்றான். கெடு முடிந்தது, பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று எண்ணி எந்தச் சட்டையை முதலில் மடிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். தையல்காரம்மாதான் முன்னால் வந்தார். "தம்பி, இருபத்தேழு நாள் உங்கப்பா சமையலுக்குக் கையெழுத்து போட்டிருக்கேன். அவருக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி, உப்பு சரியாத்தான் இருக்கும். மேல போய்ச் சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றார். மேலே போனோம், எல்லோருமே. அணைந்த அடுப்பில், கனமான வாணலியின் சூட்டிலேயே வெங்காயம் நீ எழுதிய நிறத்தில் கிடந்தது. உன் தாளின் அளவுப்படி ஆறு பேருக்கு வடித்த சோறு ஒன்பது பேருக்கு எப்படிப் போதும் என்று நான் கணக்குப் போடுவதற்குள், நர்ஸம்மா தலையணையை இடுக்கிக்கொண்டே பரிமாறிவிட்டார். உன் வீட்டுக்காரன் சாப்பிட்டான், மறுபடி தட்டை நீட்டினான், பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "நீங்க இங்கேயே இருங்கப்பா."

இதெல்லாம் உன் ஏழு தாள்களால் வந்தது. தப்புச் செய்யலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்தவள் நீ ஒருத்திதான். நீ வைக்கிற உலை எல்லாம் நல்லபடி கொதிக்கட்டும், உன் தட்டில் என்றும் சூடான சோறு இருக்கட்டும். பேத்தியின் உச்சந்தலையில் என் சார்பில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
தனியாகவும் பத்திரமாகவும் இருக்கும் உன் மாமா

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. அவன் கிளம்பவில்லை. காலையில் பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை என் அலமாரியில் அடுக்கிவிட்டு, ஆபீசுக்குப் போன் போட்டுப் பத்து நாள் லீவு சொல்லிவிட்டான். "ஒரே ஒரு வேளை சாப்பிட்டுட்டு எப்படிப்பா முடிவு சொல்றது?" என்கிறான். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே கூப்பிட்டு வீட்டில் ஏதோ அவசர வேலை என்று சொல்லிவிடு. இன்றைக்கே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொன்னால் போதும். அதுவரைக்கும் இரண்டு பேருக்குக் காய் வாங்கிவிட்டேன்.